டோரீன் அக்காவின் பெயர்

அன்பின் தோழிக்கு,

என் நாவல் வாட்ஸ்அப்பில் சுற்றுவதாகக் கேள்விப்பட்டபோது, யாரோ அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்திருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். விற்காவிட்டால் போகட்டும், நாலு பேர் வாசித்தால் சரி என்றுகூட மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நேற்று பஸ்சுக்குப் போகும் வழியில் டோரீன் அக்கா என்னை நிறுத்தினார். தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையில் கணக்கப்பிள்ளை தன்னிடம் தவறாக நடந்துகொண்டதை, நாவலுக்காக என்னை நம்பிச் சொன்னவர்.

"என் பேர மாத்திடுறேன்னு சொன்னியே புள்ள? காலையில பெரட்டுல ஆள் கணக்கெடுக்க என் பேரக் கூப்புட்டாலே இப்ப எல்லாம் சிரிக்கிதுங்க."

பையிலிருந்த புத்தகத்தை எடுத்து, மாற்றிய பெயரைக் காட்டினேன். விரலை வைத்து வாசித்துப் பார்த்தார்.

"இத யாரு பாத்தா? எல்லார் போன்லயும் இருக்கிறது மத்ததுதானே."

அவருடைய உண்மைப் பெயர் அச்சுக்கு முன் எழுதிய முதல் பிரதியில் மட்டும்தான் இருந்தது. பிழை பார்க்க அதை நான் ஒருவருக்குத்தான் அனுப்பினேன்.

"காசில்லாத பிள்ளைகளும் வாசிக்கட்டும்டி" என்று நீ அடிக்கடி சொல்வாய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அச்சுக்குப் போன பிரதியையே தந்திருப்பேனே.

யார் வெளியே விட்டது என்று அக்காவின் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நான் சொல்லவில்லை. ஒரு பெயர் வெளியே போனால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டேன். இந்தக் கடிதத்தில்கூட உன் பெயரை எழுதவில்லை. என்னிடம் அது பத்திரமாக இருக்கும்.

இதுவரை முதல் பிரதியை உனக்கே அனுப்பிவந்தவள்