மூளை மாத்திரை

ஜூன் 2
அம்மாவின் பிரஷருக்குப் புதிதாகச் சேர்த்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பள்ளி நூலகப் புத்தகத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ரத்தக்குழாய்களை இறுக்கச் சொல்லும் உத்தரவு மூளையின் அடியிலுள்ள முகுளத்திலிருந்து கிளம்புகிறது. நரம்புக்கு நரம்பு அதைக் கொண்டுபோவது நார்அட்ரினலின் மாதிரியான ரசாயனங்கள். மாத்திரை அங்கேயே போய் உத்தரவைத் தணிக்கிறது. குழாய்கள் தளர்கின்றன, பிரஷர் இறங்குகிறது. என்ன அழகு!

சாப்பிடும்போது சொன்னேன். சுனிதா அக்கா போனிலிருந்து தலையெடுக்கவில்லை. கிஷோர் மாமா மட்டும் கேட்டார்.

"மூளைக்கா? யக்கா, மெண்டல் மாத்திரையா குடுத்திருக்காங்க உனக்கு?"

அம்மாவின் தம்பி. ஜோகுபாளையத்தில் மொபைல் கடை வைத்திருப்பதால் உலகத்தில் எல்லாம் தெரியும்.

ஜூன் 5
ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க ஒக்கலிபுரத்திலிருந்து வருகிறார்கள். மாமாவின் தீர்ப்பு:

"அந்த மாத்திரைய போட்டுட்டு நீ தூங்கி வழியிற. வர்றவங்க முன்னாடி அப்டி உக்காந்தா? மூளைக்கு மாத்திரைன்னு தெரிஞ்சா சுனிதாவ வேணாம்னுடுவாங்க. அவங்க போற வரைக்கும் நிறுத்திடு."

திடீரென்று நிறுத்தினால் அடங்கியிருந்த உத்தரவெல்லாம் ஒரேயடியாகக் கிளம்பும், பிரஷர் முன்னைவிட ஏறும், டாக்டரைக் கேட்டுத்தான் குறைக்க வேண்டும் என்றேன்.

"சும்னே இரு, பேசாத. வந்துட்டா டாக்டரம்மா!"

அம்மாவும் சிரித்தாள். மாத்திரை அட்டை மாமாவின் சட்டைப்பைக்குள் போயிற்று. அந்த அட்டையின் பின்பக்கத்தைக்கூடப் படிக்காத மனிதரின் பைக்குள்.

ஜூன் 7
அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. "பாத்தியா, என்னா சுறுசுறுப்பு!" என்கிறார் மாமா. பிரஷர் மெஷின் வைத்துப் பார்த்தேன். 180. "மெஷினே பொய்" என்றார். மடையர்! மடையர்!

ஜூன் 8
ஒக்கலிபுரத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்த கூடத்துக்குக் கேசரிபாத் தட்டோடு வந்த அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "தல வெடிக்குதுடி வைஷு..." தட்டு கீழே.

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். மாத்திரையை நிறுத்தியதை, அது யார் பையில் இருக்கிறது என்பதை. "ஏய்!" என்றார் மாமா. மாப்பிள்ளையின் அம்மா காந்தா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த அட்டைய எடுங்க. டேய், கார எடு" என்றார்.

ஆஸ்பத்திரியில் 220. "எந்த மாத்திரையை நிறுத்தினீங்க?" — டாக்டரின் முதல் கேள்வி. மாமா மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

அம்மா என் கையை விடவில்லை. எனக்குப் பயம். ரொம்பப் பயம்.

ஜூன் 10
இறங்கிவிட்டது. பார்க்க வருகிறவர்களிடம் மாமா விளக்குகிறார்: "இது மூளை சிக்னல் மேட்டருங்க. திடீர்னு நிறுத்தவே கூடாது." என் வாக்கியம்! வெட்கமென்று ஒரு ரசாயனம் இவர் மூளையில் சுரக்காதா?

ஜூன் 15
அம்மா வீட்டில். மாத்திரை ஃப்ரிட்ஜ் மேலே, எல்லார் கண்ணிலும் படும்படி. காந்தா அத்தை போன் செய்தால் முதலில் கேட்பது "அம்மா மாத்திரை போட்டாங்களா?" என்றுதான். அதற்கப்புறம்தான் கல்யாணப் பேச்சு. அக்கா போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறாள்.

ஜூன் 17
அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது மாமா வந்தார். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு வாட்டி பாரு."

170. மெஷினை அவர் பக்கம் திருப்பினேன். மெஷினே பொய் என்பார் என்று காத்திருந்தேன்.

சொல்லவில்லை.