தட்டுவடைப் பாறை

மார்ச் 7, சனி

காலையிலேயே வெயில். துணி துவைத்தாயிற்று. அப்பாவின் காக்கிச் சட்டை மூன்று. கிரீஸ் போகவில்லை.

எட்டு மாதம் கழித்து அப்பா வீட்டில். போர்வெல் போடும் ரிக் வண்டி திருச்செங்கோட்டில் கம்ப்ரஸர் ரிப்பேருக்கு நிற்கிறது. ஒரு வாரம் இருப்பார். கறுத்துவிட்டார். மத்தியப் பிரதேசத்தில் ஊர் ஊராகப் போர் போட்டார்களாம்.

வியாழன் நாமக்கல் ஹாஸ்டல் பள்ளியில் டீச்சர் வேலைக்கு டெமோ வகுப்பு. எட்டாம் வகுப்பு. பாறைகள் ஒன்றிலிருந்து ஒன்றாக எப்படி மாறுகின்றன. நான் கேட்காமலே என் பாடம்! மூன்று வருடம் ஜியாலஜி படித்தவளுக்குப் பாடம் பயமில்லை. குரல்தான். போன இரண்டு பள்ளியிலும் ஒரே பதில்: "நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்கறீங்க. கடைசி பெஞ்சுக்குத்தான் கேக்கலீங்க."

இதுவும் போனால், சித்தப்பா சொல்லி வைத்திருக்கிற முட்டைக் கம்பெனி ஆபீஸ்.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா முன்னால் ஒத்திகை. அவர் கட்டிலில், நான் வாசற்படி பக்கம். பூமிக்குள் உருகிக் கிடப்பது ஆறினால் தீப்பாறை. நம்ம கருங்கல் மாதிரி. அது வெயிலிலும் மழையிலும் உதிர்ந்து மணலாகி, அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை. இரண்டில் எதுவானாலும் ஆழத்தில் புதைந்து சூட்டிலும் அழுத்தத்திலும் மாட்டினால் உருமாறிய பாறை.

வரிக்கு வரி "ம்ம்" போட்டார். முடிந்ததும், "நல்லாருக்குது சாமி."

ரொம்ப நாள் கழித்து சந்தோஷம். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னமோ வாய் அசஞ்சுது. எனக்கு ஒரு வார்த்த கேக்கல. உங்கப்பனுக்கு எப்பிடிக் கேட்டுச்சு?"

அம்மாவுக்கு எப்போதும் குத்தல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

மாட்டுக்குத் தவிடு தீர்ந்தது. வாங்கணும்.

அம்மா சொன்னது மனதில் உறுத்தியது. இன்றும் ஒத்திகை. நடுவில், அதே குரலில், "கருங்கல்லு பப்பாளி மரத்துல காய்க்குதுங்கப்பா" என்றேன்.

"ம்ம்."

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்த முகம்.

உள்ளே போய்த் தண்ணீர் குடித்தேன். இருபது வருடம் கம்ப்ரஸர் பக்கத்தில் நின்ற காது. வந்த நாளிலிருந்து நான் சொல்லி அவர் "ம்ம்" போட்டவை: வண்டிக்கு ஆயில் மாற்றணும். மாமா மகள் கல்யாணம் வைகாசியில். இரண்டு பள்ளியில் என்னை வேண்டாம் என்றது. கடைசியாகச் சொன்னதைச் சொல்ல எனக்கு அரை நாள் ஆனது.

யோசித்தால், காதில் விழுந்த விஷயத்துக்கு அப்பா "ம்ம்" போடுவதே இல்லை. எதிர்க்கேள்வி கேட்பார். ஏன், எப்போ, யாரு சொன்னது. அது அவர் குணம்.

அம்மாவிடம் கேட்டேன். "அவருக்குத் தெரியாம இருக்குமா? வெளிய சொன்னா ரிக்குல வெக்க மாட்டாங்கன்னு பயம். நீ ஒண்ணும் கேட்டுப்போடாத."

மார்ச் 10, செவ்வாய்

அப்பா எடுத்துப்போக அம்மா தட்டுவடை சுட்டாள். ரிக்கில் பத்து நாளைக்கு வருமாம். அரிசி மாவு, பொட்டுக்கடலை மாவு, கறுப்பு எள். உருட்டிக் கொடுப்பது என் வேலை.

ஓர் உருண்டையைக் கத்தியால் குறுக்கே வெட்டினேன். எள் கண்டபடி நின்றது, படுத்தது, சாய்ந்தது. கிரானைட்! இன்னொன்றைத் தட்டி ஓரத்தை வெட்டினேன். எள் அத்தனையும் ஒரே வாக்கில் படுத்துக் கிடந்தது. நீஸ்! கிரானைட் அமுங்கி உருமாறிய பாறை. புத்தகத்தில் மூன்று பக்கம் படித்தது இவ்வளவுதானா.

"மாவ நாசம் பண்ணாத" என்றாள் அம்மா. எண்ணெய்ச் சத்தம். நான் மறந்துபோய்க் கத்திவிட்டேன். "அப்பா! இங்க வாங்க!"

வந்தார்! முதல் கூப்பாட்டிலேயே.

வெட்டிக் காட்டினேன். "உருகலீங்கப்பா! கல்லு கல்லாவே இருக்குது! அமுக்குற அமுக்குல உள்ள இருக்கறதெல்லாம் திரும்பிப் படுத்துக்குது!"

மாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நம்ம துணி தொவைக்கிற கல்லு மாதிரியா?"

கேள்வி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிக்கொண்டேன்.

ஆமாம், அந்தக் கல்தான். கறுப்பும் வெள்ளையுமாக வரி ஓடும் கல். விவரம் தெரிந்த நாளிலிருந்து அதில்தான் துவைக்கிறேன். தோன்றியதே இல்லை.

"வரிக்கல்லுல போர் போட்டா தொளைக்கிற பிட்டு ஒரு பக்கமா இழுக்கும். அது இதுனாலதானா?" என்றார். இன்னொரு கேள்வி.

சாயங்காலம் அவரே போய்த் தென்னை மரத்தடியில், வீட்டிலிருந்து நாற்பதடி தள்ளி உட்கார்ந்தார். "இங்கிருந்து கேக்கறேன், சொல்லு. நான் கையத் தூக்குனா சத்தம் பத்தலைன்னு அர்த்தம். ரிக்குல எங்களுக்கெல்லாம் கைதான் பேச்சு."

காது பற்றி அவ்வளவுதான் சொன்னார். பாதி நேரம் கை மேலேதான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வந்து, "ஏனுங்க, ஊட்டுல சண்டைங்களா?"

மார்ச் 12, வியாழன்

தொண்டை கட்டியிருந்தது. வெந்நீர், மிளகு. அப்பா வண்டியில் கூட்டிப்போனார். என் மடியில் மாவு டப்பாவும் துணி சுற்றிய வரிக்கல் துண்டும்.

வகுப்புக்குப் பின்னால் நாற்காலி போட்டு மூன்று பேர். நாற்பது பிள்ளைகள். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடம். அப்பாவின் முகம் தூண் மறைவில். ஹேண்டில்பாரில் வைத்த கை மட்டும் தெரிந்தது.

வணக்கம் சொன்னேன். கை மேலே எழுந்தது.

மறுபடி வணக்கம் சொன்னேன். கை இறங்கியது. அப்புறம் எழவே இல்லை.

உருண்டை, வெட்டு, எள். தட்டு, வெட்டு, எள். கல்லைக் கையில் கொடுத்ததும் கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, "மிஸ், இந்தப் பாறைய எண்ணெயில சுட்டா திங்கலாங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும். மணி அடித்துவிட்டது. கடைசிப் படி சொல்லவில்லை.

"சொல்லியனுப்பறோம்" என்றார்கள். போன இரண்டு பள்ளியிலும் முதலில் இதைத்தான் சொன்னார்கள்.

அப்பா வண்டியை எடுத்தார். புதுச்சத்திரம் தாண்டி, தலையைத் திருப்பாமல், "ஏம் பாப்பா, அந்த வரிக்கல்லு இன்னும் ஆழத்துக்குப் போயி உருகியே போச்சுன்னா? அதச் சொல்லாம உட்டுட்டியே?"

காற்றுக்கு மேல் கத்தினேன். "ஆறுனா மறுபடி தீப்பாறைதானுங்கப்பா! மொதல்லேருந்து!"

மார்ச் 14, சனி

அப்பா கிளம்பிவிட்டார். தட்டுவடை இரண்டு டப்பா. காதுக்குப் பஞ்சு வாங்கிப் பையில் வைத்தேன். பார்த்தார், எடுத்து வெளியே வைக்கவில்லை.

வீட்டில் சத்தமே இல்லை. பள்ளியிலிருந்து போன் இல்லை.

மார்ச் 18, புதன்

சர்டிபிகேட் வாங்க சேலம் பஸ். ஜன்னல் சீட். மல்லூர் தாண்டியதும் போன். நாமக்கல் பள்ளி. இரண்டு தடவை நன்றி சொல்லி வைத்தேன்.

உடனே அப்பாவுக்கு. பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.

"அப்பா, வேலை கெடச்சிருச்சுங்கப்பா."

"ம்ம்."

எழுந்து நின்றேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அப்பா! நாமக்கல் ஸ்கூல்ல! வேலை! கெடச்சிருச்சுங்கப்பா!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்டக்டர், "எங்க எல்லாத்துக்கும் கேட்டுருச்சுங்க. அவுருக்குக் கேட்டுச்சுங்களா?"

அந்தப் பக்கம் கம்ப்ரஸர் நின்றது. கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருப்பார்.

"எப்பருந்து போகோணும் சாமி?"