யுவஸ்ரீ செய்த பூசணிக்காய்

யுவஸ்ரீ அப்பாவுக்கு,

சோறும் தட்டைப்பயிற்றுக் குழம்பும் அடுப்பு மேல் இருக்கிறது, சுட வைத்துச் சாப்பிடுங்க.

நேற்று அமாவாசைக்கு லாரி முன்னால் போட்டு உடைத்தீர்களே, அது திருஷ்டிப் பூசணி இல்லைங்க. ஸ்கூலில் ஹாலோவீன் பேய்ப் பூசணிப் போட்டிக்காக நம்ம புள்ளை பேப்பர் கூழில் செய்து, நூல், பொத்தான், ஜிகினா எல்லாம் ஒட்டி, கண்ணும் பல்லும் வரைந்து வைத்திருந்தது. உடையவில்லை என்று மூன்று தடவை தரையில் அடித்தீர்கள். "அப்பா, அது என்னுதுங்கப்பா!" என்று ஓடி வந்தவளைக் கன்னத்தில் அறைந்துவிட்டு, அதன் மேல் டயரை ஏற்றினீர்கள்.

அவளைக் கூட்டிக்கொண்டு எருமப்பட்டிக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போகிறேன். கூப்பிட வராதீங்க.

நீங்கள் வாங்கி வந்த பூசணிக்காய் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது.

லாரியின் முன்கண்ணாடியைக் குழவிக்கல்லால் அடித்தது நான்தான். அது ஒரே அடியில் உடைந்துவிட்டது.