உட்கார்ந்தபடியே செய்த உடற்பயிற்சி

மார்ச் 3
தங்கைக்கு என் சிறுநீரகம் பொருந்துமாம்! ஆனால் இந்தத் தொப்பையோடு எடுக்க முடியாதாம். “தினமும் வேர்க்க வேர்க்க நடங்க. எடையும் பிரஷரும் இறங்கட்டும், அப்புறம் ஆபரேஷனுக்குத் தேதி சொல்றேன்” என்றார் டாக்டரம்மா. தங்கை டயாலிசிஸுக்குப் போய்வரும் நாளெல்லாம் சுருண்டு படுத்துவிடுகிறாள். அவளுக்காக மலையைக்கூடப் புரட்டலாம். நடப்பதுதான் கஷ்டம்.

மார்ச் 9
நடந்தேன். தெருமுனை வரை.

மார்ச் 14
பக்கத்துச் செல்போன் கடைக்காரன் ஒரு கருவி கொடுத்தான். கரண்ட் கொடுத்துத் தசையை இயக்குமாம். தொடையிலும் வயிற்றிலும் ஒட்டிக்கொண்டு, என் மோட்டார் ரிப்பேர் பட்டறையில் உட்கார்ந்து மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக்கொண்டிருந்தேன். தசை தானாகக் குதிக்கிறது. கரும்பு தின்னக் கூலியா? செத்துப்போன மோட்டாரையெல்லாம் ஓட வைப்பவன் நான். கரண்ட் கொடுத்தால் எதுவும் ஓடும்; என் தொடை மட்டும் ஓடாதா?

மனைவி கேட்டாள்: “நடந்தாச்சா?”
“ஆச்சு ஆச்சு.”

மார்ச் 27
எடை இம்மியும் குறையவில்லை. கருவியில் கரண்ட் போதவில்லை, அவ்வளவுதான். கிச்சுகிச்சு மூட்டினால் தொப்பை கரையுமா?

மார்ச் 28
கருவியைப் பிரித்தேன். ஓர் அளவுக்குமேல் கரண்ட் ஏறாதபடி உள்ளே ஒரு தடுப்பு. பிடுங்கிப் போட்டேன். இப்போதுதான் தொடை கல்லாக இறுகுகிறது. மதியம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தங்கைக்காக.

மார்ச் 30
கட்டிலை விட்டு எழ முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்குப் போனேன். சிறுநீர் கறுப்பு. பால் விடாத காப்பி மாதிரி. ஐயோ, என்னடா பண்ணி வச்சிருக்க? பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்றது?

ஏப்ரல் 1
ஆஸ்பத்திரி. தசை சிதைந்து, அந்தக் கழிவு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தைத் தாக்கிவிட்டதாம்.

“எந்தச் சிறுநீரகத்தை?” என்று கேட்டேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
“ரெண்டையும்தான்.”

 

ஏப்ரல் 2
பிசியோதெரபிஸ்ட் பெண் வந்தாள். தசைதான் நன்றாக வேலை செய்ததே என்றேன். “படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு நாங்களே இதை வைப்போம் சார். அளவா, பக்கத்துலயே இருந்து. நடந்தா இதயமும் நுரையீரலும் சேர்ந்து உழைக்கும். உட்கார்ந்துக்கிட்டு தொடையை மட்டும் துடிக்க விட்டா அதெல்லாம் எப்படி நடக்கும்?”

புரிந்தது. பெல்ட்டை மாட்டாமல் மில் மோட்டாரை ஓடவிட்டு, மாவு எங்கே என்று கேட்டிருக்கிறேன். என் பட்டறைக்கு யாராவது இப்படி வந்திருந்தால் நான் விட்டிருப்பேனா? வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 4
என்னையும் டயாலிசிஸுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்று தங்கைக்கும் முறை. அடுத்த படுக்கையில் அவள்.

“ஒண்ணுதானேண்ணா கேட்டேன். ரெண்டையும் கெடுத்துக்கிட்டு வந்து படுத்திருக்கியே” என்றாள்.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவளே அழுதுவிட்டாள். அவள் கையில் ஊசி, என் கழுத்தில் குழாய். எட்டித் தொடக்கூட முடியவில்லை.

ஏப்ரல் 21
சிறுநீர் பழையபடி பிரிகிறதாம். டயாலிசிஸை நிறுத்திவிட்டார்கள். எனக்கு மட்டும்.

ஜூலை 30
தினமும் நடக்கிறேன். மனைவி கூடவே வருகிறாள்; என் பேச்சை நம்புவதை விட்டுவிட்டாள். எடை டாக்டரம்மா கேட்ட அளவுக்கே வந்துவிட்டது. துள்ளிக் குதித்துக்கொண்டு போய்ச் சொன்னேன். அவர் ரத்தப் பரிசோதனை முடிவை இரண்டு முறை பார்த்தார்.

“நல்லா தேறிட்டீங்க. ஆனா அடி வாங்கின சிறுநீரகம். முழுசா பழைய நிலைக்கு வரல. உங்ககிட்டேர்ந்து எடுக்க மாட்டோம். ரெண்டும் உங்களுக்கே வேணும்.”

திரும்பும் வழியில் மனைவி ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். எதுவும் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 6
இறந்தவர்களின் உறுப்புக்காகக் காத்திருப்போர் பிரிவு. தங்கையைப் பதிவு செய்ய நான்தான் அழைத்துப் போனேன். ஜன்னலுக்குள் இருந்த பெண் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

“கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?”
“ஒரு அண்ணன்.”
“அவரால கொடுக்க முடியாதாம்மா?”

தங்கை என் பக்கம் திரும்பவே இல்லை.
“முடியாதுங்க” என்றாள். “அவருக்கு உடம்பு சரியில்ல.”