இலையில் உங்கள் பக்கம்

உங்கள் குவாலி வாணலியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன். சோப்புப் போட்டுத் தேய்த்தும் விரலில் சோயாத் தெம்பே சம்பல் வாசம் போகவில்லை. இன்று தீபாவளி. மகள் கோயிலுக்குப் போயிருக்கிறாள். எதிர்வீட்டில் காலையிலேயே வெடி வெடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் சமையல்கட்டில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். நேற்று நடந்ததை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதிதான் புரியும்.

உங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாததா. தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் போனவர்களுக்குப் படையல். ஒரே தலைவாழை இலை. உங்கள் அப்பா, அம்மா, அவர்களுக்கு முன்னால் போனவர்கள், எல்லாருக்கும் அந்த ஓர் இலைதான். ஆட்டுக்கறிப் பிரட்டல், கோழிக் குழம்பு, அவித்த முட்டை, அப்பாவுக்கு ஒரு பீர். சாம்பிராணி காட்டிவிட்டுக் கதவைச் சாத்தி வெளியே நிற்போம், அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று. போன வருடம் நீங்கள் போன துக்கம், படையல் போடவில்லை. ஆக நேற்றுத்தான் நீங்கள் முதன்முதலாக அந்த இலைக்கு வர வேண்டிய நாள். கறியும் முட்டையும் பாலும் தொடாத மனிதரை அந்த இலையில் எங்கே உட்கார வைப்பேன்? இந்த மாதம் முழுக்க எனக்கு இதே கவலை.

நீங்கள் கோழி லாரி ஓட்டிய காலம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. பகாவ் பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்த பண்ணையில் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு சிரம்பானுக்கு வருவீர்கள். சட்டையில் எப்போதும் ஒரு இறகு ஒட்டியிருக்கும். நான் எடுத்துப் போடுவேன். அன்றைக்கு மழைக்கு மண்சாலை சரிந்து லாரி மாட்டிக்கொண்டது. மழை விட்டதும் கொளுத்திய வெயிலில் கோழிகள் மூச்சு வாங்க ஆரம்பித்தன. உங்கள் அண்ணனுக்கு போன் செய்தீர்கள். அவர் தோட்டத்து டிராக்டரோடு வருவதற்குள் கால்வாய்த் தண்ணீரை வாளியில் மொண்டு மொண்டு கூடைகள் மேல் ஊற்றியிருக்கிறீர்கள். பாதிக்கு மேல் செத்துப்போயின.

வீட்டுக்கு வந்து குளித்தீர்கள். சாப்பிட உட்கார்ந்தீர்கள். தட்டில் கோழிக் குழம்பு. கை வைக்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"வாயத் தொறந்துக்கிட்டு என்னையே பாத்துச்சுங்கம்மா. நான்தான் ஏத்துனேன், நான்தான் தண்ணி ஊத்துனேன். எதுக்கு ஊத்துனேன்னு இப்ப வரைக்கும் தெரியல. எப்படியும் வெட்டத்தானே கொண்டு போறேன்?"

ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். உங்களுக்குச் சரியாகவில்லை. கோழி போனது, பிறகு ஆடு, மீன், முட்டை. லாரியை விட்டுவிட்டுத் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போனீர்கள். கடைசியில் பாலும் போனது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சைவம் என்றால் பால், தயிர், நெய் உண்டு, அது கோயிலில் சாமிக்கே படைப்பது என்று சண்டை பிடித்தேன். நீங்கள் சண்டைக்கு வரவில்லை. தோட்டத்தில் உங்கள் வீட்டில் மாடு இருந்த காலத்தைச் சொன்னீர்கள். அம்மா பால் கறக்கும்போது கன்றுக்குட்டியைப் பிடித்துக் கட்டுவது உங்கள் வேலையாம். அது கயிற்றை இழுத்துக்கொண்டு கத்துமாம். அதைச் சொல்லிவிட்டுப் பால் இல்லாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்தக் காலத்தில் நம்மைப் பார்த்துச் சிரிக்காத ஆள் இல்லை. அம்பாங்கானில் நாம் வழக்கமாகப் போகும் முஸ்லிம் நானாவின் டீக்கடையில் நீங்கள் பால் சேர்க்காத "தே ஓ" கேட்டபோதெல்லாம் அந்த நானா விடமாட்டார்.

"என்னா தம்பி, மாடு ஒங்க மேல கேஸ் போட்டுருச்சா?"

"கேஸ் போட்டா தோத்துருவேன் நானா. அதான் முன்னாடியே சமாதானமாப் போயிட்டேன்."

நானும் சும்மா இருந்தேனா? எனக்கென்று ஆட்டுக்கறி சமைத்துக்கொண்டு, உங்களுக்கென்று வேறு சமைக்க அலுத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததைப் பேசினேன். ஒருநாள் பசாரிலிருந்து இந்தக் குவாலியை வாங்கிக்கொண்டு வந்து ஆணியடித்து மாட்டினீர்கள். "ஒனக்கு வேலை வேணாம்மா, நானே பாத்துக்கிறேன்" என்றீர்கள். ஆண்பிள்ளை சமையல் எத்தனை நாளைக்கு என்று பார்த்தேன். பெலாச்சான் இல்லாமல் சம்பலா என்று கேலி செய்தேன். அந்த விழுது இறாலில் செய்தது என்பதால் அதற்குப் பதில் தவுச்சு போட்டீர்கள், அந்தச் சீனக் கடை சோயா ஊறலை. முதல் தடவை உப்புக் கரித்தது. பிறகு பிறகு நான் ஒரு கரண்டி, இரண்டு கரண்டி என்று உங்கள் குவாலியிலிருந்து எடுக்க ஆரம்பித்தேன். நீங்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவீர்கள்.

ஆனால் உங்கள் கட்சிக்கு நான் வந்துவிடவில்லை. அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். மகளைப் பெற்ற பிறகு ரத்தம் குறைந்து, எழுந்து நிற்கவே தலைசுற்றிய எனக்கு ஈரல் சூப்பு வைத்துக் கொடுத்துத் தேற்றியவர் உங்கள் அம்மா. தோட்டத்தில் நாலைந்து குடும்பம் சேர்ந்து ஆடு வாங்கிக் கூறு போடும்போது, பிரிப்பது உங்கள் அப்பா. புருஷன் இல்லாத வீட்டுக் கூறில் எலும்பு குறைத்துக் கறி கூட வைப்பாராம். நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஜனங்களுக்குக் கறி என்பது ருசி மட்டுமா? நாமும் மனிதர்கள்தான், நாமும் நல்லது சாப்பிடுகிறோம் என்ற தெம்பு அது. அதைப் பாவம் என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். நீங்கள் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. யார் இலையையும் பார்த்து முகம் சுளித்ததில்லை.

ஒருமுறை போர்டிக்சன் கடற்கரைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சாலையோரம் முழுக்க பாமாயில் செம்பனை. நான் வம்புக்கு இழுத்தேன்.

"நீங்க பொரிக்கிற எண்ணெய் இங்கேருந்துதான் வருது. இதுக்குள்ள எத்தன எலிக்கு மருந்து வெக்கிறாங்க, எத்தன பாம்பு சாவுது? தோட்டத்து வேலையில நானே மருந்தடிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

நீங்கள் எதிரே வந்த லாரிக்கு ஒதுங்கிக் கொடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"தெரியும்மா. ஒண்ணையும் கொல்லாம யாராலயும் சாப்பிட முடியாதுலா. என்னால எதைக் கொறைக்க முடியுமோ அதக் கொறைக்கிறேன். அவ்வளவுதான்."

இன்றைக்கும் கறிச்சோறா, கீரைச்சோறா, எது மேல் என்று யாராவது வாதம் செய்தால் எனக்கு அந்தப் பதில்தான் ஞாபகம் வருகிறது.

நீங்கள் போனது இதயத்தால். லாரிக் காலத்துச் சிகரெட்டும், அதற்கு முன்பே இருந்த கொழுப்பும் என்று டாக்டர் சொன்னார். கறி, பால் எதுவும் தொடாதவர்கள் போட வேண்டிய சத்து மாத்திரையையும் நீங்கள் ஒருநாள் தவறவிட்டதில்லை. "என் ஆட்டுக்கால் சூப்பு வந்துருச்சு" என்று சொல்லித்தான் விழுங்குவீர்கள். ஆனால் சாவு வீட்டில் யார் டாக்டர் சொன்னதைக் கேட்கிறார்கள்? கறி தின்னாமல் தேய்ந்து போனார் என்றுதான் வந்தவர்கள் எல்லாம் பேசினார்கள். உங்கள் அண்ணன் அதை அப்படியே நம்பினார். கருமாதி அன்று உங்கள் படத்துக்கு முன்னால் ஆட்டுக்கறியைக் குவித்து வைத்தவர் அவர்தான். எனக்கு அன்று வாய் திறக்கத் தெம்பில்லை. அந்த இலையை நீங்கள் எப்படிப் பார்த்திருப்பீர்கள் என்று பிறகு பல நாள் நினைத்து அழுதிருக்கிறேன்.

நேற்று மத்தியானம் அவர் பகாவிலிருந்து வந்தார். தோட்டத்தில் அறுத்த ஆட்டில் நம் கூறைத் தனியாக எடுத்து ஐஸ் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். நான் குவாலியைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அதெல்லாம் வேணாம்மா. இதான் நம்ம இலை. அவனும் இதுலதான்."

"அவருக்குத் தனியா ஒரு இலை போட்டுர்றேன் மாமா."

"தனி இலையா? அப்பா அம்மா ஒரு பக்கம், என் தம்பி ஒரு பக்கமா? செத்ததுக்கப்புறமும் அவன ஒதுக்கி வெக்கச் சொல்றியா?"

அத்தனை பெரிய மனிதர், சமையல்கட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவன் பசியோட போனாம்மா. வருசக்கணக்கா பசியோடயே இருந்துட்டுப் போனான். இப்பவாச்சும் நல்லாச் சாப்பிடட்டும்."

அவர்மேல் எனக்கு அதுவரை இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. மனிதர் உங்களோடு சண்டை போடவில்லை. உங்கள் வயிற்றை நினைத்து இத்தனை நாள் தூங்காமல் இருந்திருக்கிறார். குவாலியை அடுப்பில் வைத்தேன். தெம்பேயைப் பொரித்தேன். மிளகாய், தவுச்சு, புளி, கொஞ்சம் கருப்பட்டி. நீங்கள் செய்கிற மாதிரி கடைசியில் கறிவேப்பிலை. சுடுசோற்றில் வைத்துத் தட்டை அவர் கையில் கொடுத்தேன்.

நின்றுகொண்டே ஒரு வாய் வைத்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பெலாச்சான் போடலையா?"

"இல்ல மாமா."

இன்னொரு வாய். இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். தட்டை விரலால் வழித்தார்.

"இதத்தான் சாப்பிட்டானா?"

"இதுவும், இன்னும் எவ்வளவோ. அவரே சமைச்சாரு. ரசிச்சுத்தான் சாப்பிட்டாரு."

"அப்ப..." என்றார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அவன் பசியோட போகல."

"போகல மாமா."

சாயங்காலம் மகள் இலையை விரித்தாள். ஒரே இலை. உங்கள் அண்ணனே உட்கார்ந்து பரிமாறினார். கறி, முட்டை, பீர் எல்லாவற்றையும் ஒரு கோடிக்குத் தள்ளி வைத்தார். மறு கோடியில் வெள்ளைச் சோறு, தெம்பே சம்பல், கங்கோங் கீரை, பால் இல்லாத டீ. நடுவில் நல்ல இடைவெளி. உங்கள் அப்பாவின் படத்துக்கு நேராகக் கறி வரவில்லையே என்று மகள் கேட்டாள்.

"எங்க அப்பாவுக்குக் கை நீளம்லா. எட்டி எடுத்துக்குவாரு" என்றார்.

கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். நீங்கள் போன பிறகு முதல் தடவையாக, உள்ளே நீங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தோன்றியது.

நான் இன்னும் கறி சாப்பிடுகிறேன். முன்னைவிடக் குறைவு. நேற்றும் இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்துத்தான் சாப்பிட்டேன். முதலில் கை போனது உங்கள் பக்கம். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், என் காலம் முடிந்ததும் எனக்குத் தனி இலையும் வேண்டாம், தனிக் கோடியும் வேண்டாம். நடுவில் விட்ட இடைவெளி இருக்கிறதே, அதில் என்னை உட்கார வைக்கட்டும்.