எல்லைக்குள் ஓர் இன்டர்வியூ

வெள்ளி, 9 மே

புக்கிட் ரோத்தான், எங்கள் எஸ்டேட் வீடு. மழை வருவதுபோல் இருந்து வரவில்லை. செம்பனைத் தலைகளில் மூட்டம். கோலாலம்பூரிலிருந்து கார் ஓட்டி வந்த அலுப்பு. ஞாயிறு திரும்ப வேண்டும். புதன்கிழமை மேனேஜர் வேலைக்கு இன்டர்வியூ. ஆறு வருடமாகக் காத்திருந்தது.

மாலை மாரியம்மன் கோயிலில் திருவிழாத் தொடக்கம். திருநீறு வாங்கத்தான் வரிசையில் நின்றேன். மனதில் ஒரே கேள்வி: ‘ஐந்து ஆண்டுகளில் உங்களை எங்கே பார்க்கிறீர்கள்?’ இருபதாவது மாடி, கண்ணாடிச் சுவர், கீழே மேகம், என் பெயர் போட்ட கதவு... யாரோ கையைக் கேட்டார்கள். நீட்டினேன்.

பூசாரி காப்பு கட்டிவிட்டார். மஞ்சள் கயிறு, இரண்டு முடிச்சு. அது பால்குடம் எடுப்பவர்களின் வரிசையாம்.

இனி 18ஆம் தேதி காப்பு அவிழ்க்கும்வரை எஸ்டேட் எல்லை தாண்டக் கூடாது. செருப்பு கூடாது. கறி, மீன் கூடாது.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். “ஆத்தாவே கூப்புட்டுக் கட்டிட்டா லா!”

சனி, 10 மே

பூசாரியிடம் அவிழ்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். “கட்டுனது நானு. அவுக்கச் சொல்றது அவ.” கருவறைப் பக்கம் கை காட்டினார். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபீசுக்கு எழுதினேன், ஆன்லைனில் வரலாமா என்று. நேரில் மட்டுமாம்.

அப்பாதான் கோயில் தலைவர். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. ‘எப்பம்மா ஊரோட வந்து இருக்கப்போற’ என்பதுதான் அவர் எப்போதும் கேட்பது. இப்போது கூட்டில் அடைத்த கோழியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறார். எனக்குக் கோபம். குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கள், 12 மே

கனவு: ஆபீஸ் லிஃப்ட் திறக்கிறது. உள்ளே செம்பனை வரிசை, முடிவே இல்லாமல். ரிசப்ஷனில் ஒரு மாடு. “அப்பாயிண்ட்மென்ட் இருக்கா?” எழுந்த பிறகும் அந்தப் பச்சை வெளிச்சம் கண்ணிலேயே இருந்தது.

மாலை கமிட்டிக் கூட்டம். வாழைமரம், பந்தல், அன்னதானம், அப்புறம் நான்.

பெரியப்பா ஓய்வுபெற்ற மண்டோர். இந்த எஸ்டேட்டில் எல்லாரையும் வேலை வாங்கியவர். “ஒன் ஆபீசு எந்த எடத்துல இருக்கு?” என்று கேட்டார். சொன்னேன்.

“அது முன்ன ரப்பர் எஸ்டேட்டு லா! நம்ம கம்பெனியோடதுதான். நான் ரெண்டு வருசம் அங்க மண்டோரா இருந்தேன். ஒரே கம்பெனி, ஒரே எல்லை. இவ எங்க தாண்டுறா?”

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று பயந்தேன்.

“நடுவுல வேற ஆளு நெலம் வருமே. வண்டிய விட்டு எறங்கக் கூடாது. வெளக்கு வைக்கறதுக்குள்ள வந்துடணும்.”

கைதட்டல். அப்பா மட்டும் பந்தல் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன், 14 மே

பெரியப்பாவின் வேன். பாதி வழியில் பாத்ரூமுக்கு நிறுத்தச் சொன்னேன். “இது வேற கம்பெனி நெலம். அடக்கிக்க.”

ஷூ பைக்குள், வெறுங்காலோடு நான். லாபியில் பளிங்குத் தரை ஜில்லென்று. லிஃப்டில் எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். நான் மாடி எண்களைப் பார்த்தேன். காற்றில் மிதந்து போவதுபோல் இருந்தது. பசியாகவும் இருக்கலாம்.

டைரக்டர் மணிக்கட்டைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்ன இது என்றார். எல்லாவற்றையும் சொன்னேன், மாட்டைத் தவிர. “அப்படியானால் இந்தக் கட்டடம் உங்கள் எல்லைக்குள்ளா?” ஆமாம் என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் எல்லாரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பா, கெட்ட சிரிப்பா, தெரியவில்லை.

விளக்கு வைப்பதற்குள் திரும்பியாயிற்று.

வெள்ளி, 16 மே

வேலை கிடைத்தது! ஆனால் சிங்கப்பூர்க் கிளையில். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

அப்பாவிடம் சொன்னேன். “ம்” என்றார். வாழைமரம் கட்டப் போய்விட்டார்.

அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அவர ஒண்ணும் சொல்லாத. அந்த ரப்பர் எஸ்டேட்டு வெசயத்த ஒங்க பெரியப்பாவுக்கு எடுத்துக் குடுத்ததே அவருதான். ஞாயித்துக்கெழம விடியறதுக்குள்ள போயிப் பேசிட்டு வந்தாரு. தலைவரே சொன்னா நல்லாருக்காதுன்னு.”

எனக்குத் தெரியாது. வெங்காயம் உரித்துக் கொடுத்தேன்.

ஞாயிறு, 18 மே

வெயில். பால்குடம் தலையில் கனம், சிந்திய பால் பாதி என் தோளில். மாலை பூசாரி காப்பை அவிழ்த்தார். மணிக்கட்டில் மஞ்சள் கறை போகவில்லை.

ஆபீசுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

பந்தலுக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் சத்தம். அப்பாவின் குரல், மெதுவாக:

“அண்ணே, நம்ம கம்பெனிக்கு சிங்கப்பூருல எங்கயாச்சும் நெலம் இருந்துச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லு.”