இருபத்து மூன்று கிலோ

போர்ட்டோவியேஹோ,
ஜூன் 2, 2024

அன்புத் தம்பி ஊல்பியோவுக்கு,

இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் ஒரு பாலாடைக்கட்டியும் ஒரு டப்பா கடலைப்பொடியும் வருகின்றன. கட்டியை நீ தொடாதே, உன் உடம்புக்கு ஆகாது, அது உன் வீட்டுக்காரி மாரிட்சாவுக்கு. குவென்காவில் குளிர் அதிகமா? இங்கே மழை விட்டுவிட்டது. கடையில் மரவள்ளி ரொட்டி அடுப்பை விட்டு இறங்கிய அரை மணியில் தீர்ந்துபோகிறது.

ஆகஸ்டில் குழந்தைக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய் என்று எழுதியிருந்தாய். கடையை விட்டு வர முடியாது தம்பி. அடுப்பு வேறு தகராறு செய்கிறது. மாரிட்சாவின் தங்கையை நிறுத்துங்கள். இளசு, படத்திலும் பார்க்க நன்றாக இருப்பாள். போனில் முகம் பார்த்துப் பேசலாம் என்று கூப்பிடாதே, என் போனில் கேமரா கெட்டுவிட்டது. எழுது. எழுதினால் நாலு தடவை படிக்கலாம்.

முத்தங்களுடன்,
உன் அக்கா நார்சிசா


குவென்கா,
ஜூன் 17, 2024

அன்புள்ள அக்கா,

பாலாடைக்கட்டி வந்தது. மாரிட்சா இரண்டே நாளில் முடித்துவிட்டாள்.

குழந்தைக்கு உன் பெயரை வைத்துவிட்டு வேறொருத்தியை ஞானத்தாயாக நிறுத்தவா? அடுப்புக் கதையை நான் நம்பவில்லை. போன வாரம் பரிசோதனைக்குப் போனேன். நர்ஸ் என்னைப் பார்த்ததும் முதலில் உன்னைத்தான் கேட்டாள். "உங்க அக்கா எங்க? சிறுநீரகம் குடுத்தவங்களும் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும்ல? ரெண்டு வருஷமா ஆளையே காணோம், கூப்பிட்டா எடுக்கவும் மாட்டேங்கறாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை மகள் கார்டேனியாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு நீ பழையபடி ஆகிவிட்டாய் என்றாள்.

ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருக்கிறவள் நீ. எனக்காக இருபத்து மூன்று கிலோ எடை குறைத்துக் காட்டியவளுக்கு அதைக் காப்பாற்றத் தெரியாதா? மனது வைத்தால் முடியாதா அக்கா?

கோபத்தில் எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.
ஊல்பியோ


போர்ட்டோவியேஹோ,
ஜூலை 1, 2024

ஊல்பியோ,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். உன் கடிதத்தை அடுப்பில் போடப் போனேன். அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது. கேமராவும் நன்றாகத்தான் இருக்கிறது.

உனக்குச் சிறுநீரகம் கொடுக்க வந்த அன்று என்னை எடை பார்த்தபோது தொண்ணூற்று நாலு கிலோ. அவ்வளவு எடையோடு கத்தி வைக்க முடியாது என்றார் டாக்டர். பதினொரு மாதத்தில் எழுபத்தொன்றுக்கு வந்தேன். நாள் முழுக்க ரொட்டி சுட்டு ஒரு துண்டும் வாயில் வைக்கவில்லை. கஷ்டமே தெரியவில்லை என்றால் நம்புவாயா? வேண்டாம் என்று தள்ளிய ஒவ்வொரு வாயும் உனக்குப் போய்ச் சேர்ந்தது. தராசில் ஏறி இறங்கினால் உன்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

அறுவை சிகிச்சை முடிந்து ஊர் திரும்பிய ஞாயிறு, கோவிலில் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதற்குப் பிறகு எதற்காகத் தள்ளுவது? நீ பிழைத்துவிட்டாய். உடம்பு தேற வேண்டும் என்று ஆளாளுக்கு சூப் கொண்டுவந்தார்கள், குடித்தேன். இறங்கிய உடம்புக்கு முன்னைவிடப் பசிக்கும் என்று நர்ஸ் அன்றைக்கே சொன்னாள். நான்தான் காதில் வாங்கவில்லை. பசித்தது தம்பி. சாப்பிட்டு எழுந்தாலும் பசித்தது. இரண்டு முறை திரும்பவும் தொடங்கினேன். நாலு கிலோ இறங்கினால் ஆறு ஏறியது. இன்று எண்பத்தொன்பது.

கடைக்கு வருகிற தியோபிலோ கிழவர் ஒருநாள் பாசமாகத்தான் சொன்னார்: "நம்ம பழைய நார்சிசா திரும்பி வந்துட்டா." நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் போனதும் கடைக் கதவைச் சாத்திவிட்டு மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டேன்.

உன் வீட்டுச் சுவரில் நான் ஒல்லியாக நிற்கிற படம் இருக்கிறது. அதன் கீழே வந்து எப்படி நிற்பேன்?

மனது வைத்தால் என்று எழுதினாய். இருந்த மனதையெல்லாம் வைத்துத்தான் உனக்குக் கொடுத்தேன். இது என் உடம்பு, உன்னுடையது அல்ல. கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

நார்சிசா


குவென்கா,
ஜூலை 28, 2024

அக்கா,

எழுதாதே என்றாய். நாலு வாரம் பொறுத்தேன். இதைச் சொல்லாமல் இனி இருக்க முடியாது.

போன நவம்பரில் சளிக் காய்ச்சல் என்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேனே, அது காய்ச்சல் இல்லை. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கத் தினமும் போடும் மாத்திரையை ஒன்பது நாள் நான் போடவில்லை. மாத்திரையால் முகம் உப்பியிருந்தது, கை நடுங்கியது. நான் பாடம் எடுக்கும் பட்டறை வகுப்பில் உளி பிடிப்பதைப் பார்த்துப் பையன்கள் சிரித்தார்கள். நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இன்னும் என்று நினைத்தேன். நீ கொடுத்தது கெட்டுப்போகப் பார்த்தது. உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

டாக்டர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எந்த நேரத்து மாத்திரை போடறது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டார். அதுவரை ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி. ராத்திரி மாத்திரைதான் என்றேன். அதன் வேளையை மாற்றினோம். இப்போது எட்டு மணிக்கு மாரிட்சா தண்ணீரோடு வந்து நிற்கிறாள். மறுநாளும் எட்டு மணி வருகிறது. சாகும்வரை வரும்.

உனக்கு எழுதும்போது எனக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை, மனது மனது என்று எழுதினேன். மன்னித்துக்கொள். இப்போது கேட்கிறேன்: உனக்கு எந்த நேரம் கஷ்டம் அக்கா?

படத்தைக் கழற்றிவிட்டேன். ஞானஸ்நானத்தைத் தள்ளிவைத்தாயிற்று. எத்தனை கிலோவில் வந்தாலும் ஞானத்தாய் நீதான். நாள் நீ சொல்.

உன் தம்பி ஊல்பியோ


போர்ட்டோவியேஹோ,
அக்டோபர் 27, 2024

என் தம்பி ஊல்பியோவுக்கு,

மூன்று மாதம் காக்கவைத்துவிட்டேன். முதல் மாதம் முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது நாளாடா? அது என் சிறுநீரகம். கொடுத்த பிறகு உன்னுடையதுதான், தெரியும், இருந்தாலும் திட்டினேன். பிறகு, உனக்கும் முடியாமல் போன ஒரு நாள் இருந்திருக்கிறதே என்று ஏனோ நெஞ்சு லேசானது.

நீ கேட்டதற்குப் பதில்: நாலு மணி. கடைசி ஈடு விற்காமல் மிஞ்சும், கடையில் நான் மட்டும் இருப்பேன், ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பேன். பசி என்றுகூடச் சொல்ல முடியாது. எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே அது தெரிந்தது. இப்போது கடைசி ஈடு போடுவதில்லை. நாலு மணிக்குக் கார்டேனியா வந்துவிடுகிறாள். ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருகிறோம். ஊர்வம்பு அத்தனையும் அந்த வழியில்தான்.

ஆகஸ்டில் இங்கே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிறுநீரகம் நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். எத்தனை கிலோ குறைக்க வேண்டும் என்று நானே கேட்டேன். நர்ஸ் தலையை ஆட்டினாள். "இப்ப ஒண்ணும் குறைக்க வேணாம். மூணு மாசம் ஏறாம வச்சிருங்க. இறக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே, இனி நிக்கக் கத்துக்கணும்."

பத்து வாரமாக எண்பத்தொன்பது. நடுவில் இந்த மாதம் பதினெட்டாம் தேதித் திருவிழாவில் வாழைக்காய் உருண்டையும் சீஸுமாக வெளுத்துக்கட்டி, தொண்ணூற்றொன்றுக்குப் போனேன். முன்பென்றால் எல்லாம் போச்சு என்று விட்டிருப்பேன். மறுநாள் நாலு மணிக்குக் கார்டேனியா வந்து நின்றாள், நடந்தோம். நேற்றுத்தான் திரும்ப எண்பத்தொன்பது. கைதட்ட யாரும் இல்லை. அதே எண்ணுக்கு யார் கைதட்டுவார்கள்? உனக்கு மட்டும் சொல்கிறேன்.

நவம்பர் பதினேழு ஞாயிறு தோதுப்படுமா? மஞ்சளில் ஒரு கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறேன், இன்றைய அளவுக்கு. சனிக்கிழமை விடிந்ததும் பஸ் வந்துவிடும், நிலையத்தில் வந்து நில்.

பாப்பா இப்போது எத்தனை கிலோ இருக்கிறாள் என்று எழுது. இன்றிலிருந்தே அந்த எடைக்கு மாவு மூட்டையைத் தூக்கிப் பழகப்போகிறேன். பூசை முடிகிறவரை அவளை நான்தான் வைத்திருப்பேன்.

உன் அக்கா,
நார்சிசா